கழுதைச் சரிவு

"டயர்ல காத்து கொஞ்சம் அதிகமா இருக்கு. நீ எறக்கிக்கோ" என்று எர்வான் மகாலியிடம் சொன்னபோது, வேனின் பின்கதவருகே தொத்திறைச்சியை வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்த ரெமியின் கத்தி சட்டென்று நின்றது. நீ. போன மாதம்வரை அவளை நீங்க என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தான். ரெமியை இன்றைக்கும் நீங்க என்றுதான் அழைக்கிறான். எப்போது மாறியது இது? எந்தச் சனிக்கிழமை, எந்த மேட்டின் உச்சியில் மூச்சிரைக்க நின்றுகொண்டு இரண்டு பேரும் அந்த மரியாதையைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள்? மகாலி அவன் மனைவி; கேட்டால் சிரிப்பாள். மேடு ஏறும்போது மரியாதை கொடுக்க யாருக்கு மூச்சு இருக்கிறது என்பாள். அந்தச் சிரிப்பை அவனால் தாங்கிக்கொள்ள முடியாது.

எர்வான் மண்டியிட்டு அவளுடைய சைக்கிள் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். மற்றொரு கை அவள் இருக்கையின்மேல் இருந்தது. அந்தக் கட்டைவிரலை ரெமிக்கு நன்றாகத் தெரியும். செவ்வாய்தோறும் அவன் முழங்காலைச் சுற்றி அழுத்தி, மடக்கி, நீட்டி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று உயிரை எடுப்பது அதுதான். முந்தைய அறுவடையின்போது டிராக்டரிலிருந்து வழுக்கி விழுந்ததில் ரெமியின் முழங்கால் நொறுங்கியது. இரண்டு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும் அது ஒரு அளவுக்குமேல் மடங்க மறுத்தது. வடமேற்குப் பிரான்சின் பிரெத்தோன் கடற்கரையிலிருந்து புதிதாக வந்து ஊரில் பிசியோதெரபி நிலையம் திறந்திருந்த எர்வானிடம் அனுப்பினார்கள். மேசையில் படுத்தபடி ஒருநாள் ரெமியேதான் சொன்னான்: "என் பொண்டாட்டி இப்பத்தான் சரளைப் பாதையில கிராவல் சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சிருக்கா. தனியாப் போறா. நீங்களும் ஓட்டுறீங்கதானே, துணைக்குப் போங்களேன்." அந்த வாயை இப்போது நினைத்தாலும் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஊரைச் சுற்றியுள்ள பீடபூமியில் ஓக் மரங்களுக்கு நடுவே, இடிந்த கற்சுவர்களை ஒட்டி, திராட்சை வரிசைகளின் ஓரமாக ஓடும் வெள்ளைச் சரளைப் பாதைகளில் பாதியைச் சைக்கிளில் அலைந்து கண்டுபிடித்து ஒன்றோடொன்று இணைத்தவன் ரெமி. எந்தச் சுண்ணாம்புக்கல் ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும், எந்தத் தோட்டக்காரன் நாயை அவிழ்த்துவிடுவான் என்றெல்லாம் அவனைத்தான் கேட்பார்கள். மகாலிக்கு நாற்பது வயது நிறைந்தபோது சைக்கிள் வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அவள் தொடக்கூட இல்லை. நிலவறையில் பீப்பாய்களுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது. அவன் படுக்கையில் விழுந்த பிறகுதான் அதை வெளியே எடுத்தாள். இப்போது அவள் ஓட்டுகிறாள், அவன் வேன் ஓட்டுகிறான். தண்ணீர், ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், மாற்று டியூப். மலைமேல் வேனை நிறுத்திவிட்டு அவர்கள் வருகிறார்களா என்று பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமைக் குழுவில் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். கடைசி வளைவில் மட்டும் மகாலியின் மஞ்சள் சட்டையும் எர்வானின் சிவப்புச் சட்டையும் மற்றவர்களை விட்டுப் பிரிந்து முன்னால் வரும்.

"டேய் ரெமி, உன் பொண்டாட்டிக்குப் புதுசா ரெண்டு கால் முளைச்சிருக்கு போல" என்றார் பாஸ்கால், வாய் நிறைய ரொட்டியோடு. தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். "உன் காலையும் அவளே வாங்கிக்கிட்டாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். மகாலியும் சிரித்தாள். ரெமியும் சிரித்துவைத்தான்.

முலாம்பழக் கீற்றோடு எர்வான் அருகில் வந்தான். "ரெமி, நாங்க கழுதைச் சரிவு வழியா எறங்கலாம்னு இருக்கோம். வியாழக்கிழமை பேஞ்ச மழையில என்ன ஆச்சோ தெரியல. நீங்க அந்தப் பக்கம் போனீங்களா?"

ரெமி போயிருந்தான். நேற்று மாலை சரிவின் அடியிலுள்ள தன் திராட்சைத் தோட்டத்தில் பழம் நிறம் மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, கோலை ஊன்றிப் பாதி மேடுவரை ஏறியிருந்தான். ஒரு வளைவுக்குச் சற்றுக் கீழே பாதை குறுக்கே அறுந்து கிடந்தது. மழைவெள்ளம் சரளையை எல்லாம் அடித்துக்கொண்டு போய், முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். மேலிருந்து வருகிறவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

"நேத்துதான் பாத்தேன்" என்றான். "நல்லாத்தான் இருக்கு."

எப்போதும் எர்வான்தான் முதலில் இறங்குவான். அவன் கீழே போய் விசிலடித்த பிறகே மற்றவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ரெமிக்கு அது தெரியும். அவன் சாகவேண்டும் என்றெல்லாம் ரெமி நினைக்கவில்லை. ஒருமுறை விழட்டும். அந்தச் சிவப்புச் சட்டை கிழியட்டும். முகமெல்லாம் சுண்ணாம்புப் புழுதியோடு மகாலிக்கு முன்னால் நொண்டிக்கொண்டு நிற்கட்டும். அவ்வளவுதான் அவன் ஆசைப்பட்டது.

தார்ச்சாலையைச் சுற்றிக்கொண்டு கீழே வந்து, தோட்டத்தின் ஓரம் வேனை நிறுத்தினான். திராட்சைக் குலைகள் கறுத்துக்கொண்டிருந்தன. சில்வண்டு மட்டும் கத்தியது. மேலே இன்னும் யாரும் புறப்பட்டிருக்க மாட்டார்கள். சிவப்புச் சட்டை காற்றில் ஒரு சுற்றுச் சுற்றுவதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தான். முதல்முறை இனிப்பாக இருந்தது. இரண்டாம்முறை எர்வானின் தலை கல்லில் மோதியது. மூன்றாம்முறை அவன் எழுந்திருக்கவே இல்லை. ரெமி கைபேசியை எடுத்தான். அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது. கதவைத் திறந்து, கோலை எடுக்கவும் மறந்து, மேட்டில் ஏறத் தொடங்கினான்.

முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. பள்ளத்துக்குச் சற்றுக் கீழே வந்தபோது மேலே சரளை நொறுங்கும் சத்தம் கேட்டது. கையைத் தூக்கியபடி நிமிர்ந்தான்.

வளைவில் திரும்பியது மஞ்சள் சட்டை.

"மகாலி! நில்லு!"

அவளுக்குக் கேட்கவில்லை, அல்லது நிற்க நேரமில்லை. பள்ளத்தை அவள் பார்த்த கணம் அவனுக்குத் தெரிந்தது. கண்கள் அகலவில்லை, சுருங்கின. இருக்கையைவிட்டு எழுந்து உடம்பைப் பின்னுக்குத் தள்ளினாள். பின்சக்கரம் வழுக்கியது, அதை வழுக்கவிட்டாள். பள்ளத்தின் விளிம்பில் துருத்திக்கொண்டிருந்த ஒரே பாறையின்மேல் முன்சக்கரத்தை ஏற்றி, கைப்பிடியை மேலே இழுத்தாள். இரண்டு சக்கரமும் அந்தரத்தில் நின்றன. பிறகு இந்தப் பக்கத்துச் சரளையில் இறங்கி, தடுமாறி, நேராகி, அவனைத் தாண்டிப் போய் ஒரு காலை ஊன்றி நின்றாள்.

அவன் ஓடிக்கூடப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது முதலில் உறைத்தது. அடுத்ததாக உறைத்தது வேறொன்று. கால் நன்றாக இருந்த நாளில், எவ்வளவோ துணிச்சலாக ஓட்டிய நாளில்கூட, அந்தப் பள்ளத்துக்கு முன்னால் அவன் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டு நடந்திருப்பான். அது நெஞ்சில் ஒரு நெருப்புக் கங்கு போல இறங்கியது. எர்வானின் கட்டைவிரல் இத்தனை நாள் சுட்டதெல்லாம் இதற்குப் பக்கத்திலேயே வராது.

மகாலி திரும்பிப் பார்த்தாள். கன்னத்தில் வெள்ளைப் புழுதி.

"நல்லா இருக்குன்னு சொன்னியே?"

அவன் பார்வை பள்ளத்துக்குப் போனது.

"எர்வான் போறேன்னுதான் சொன்னான். நான்தான் முதல்ல போறேன்னு வந்தேன். ரெமியே பாத்துட்டுச் சொல்லிட்டான், அப்புறம் என்ன பயம்னு சொல்லிட்டு வந்தேன்."

மேலிருந்து எர்வானின் குரல் பாறைகளில் மோதி வந்தது. "மகாலி! எப்படி இருக்கு? வரலாமா?"

அவள் மேலே நிமிரவில்லை. ரெமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்கால் சிரித்த சிரிப்புக்கும், சிவப்புச் சட்டைக்கும், இந்த வசந்தம் முழுக்க அவன் வீட்டில் காட்டிய மௌனத்துக்கும் கணக்கு அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே வருவதை அந்த முகத்தில் பார்த்தான்.

"நீயே சொல்லு" என்றாள்.

"வராதீங்க!" ரெமி கத்தினான். "பாதை அறுந்து கெடக்கு! எறங்கி நடந்து வாங்க!"

அவள் தலைக்கவசத்தின் வாரை இறுக்கினாள்.

"வேன்ல ஏறிக்க, மகாலி."

"வேண்டாம். நான் வீட்டுக்கு ஓட்டிட்டே போறேன்" என்று மிதிக்கத் தொடங்கினாள்.

சிறிது நேரத்தில், மற்றவர்களுக்கு முன்னால், எர்வான் சைக்கிளைத் தோளில் சுமந்து, அடிப்பாகம் கெட்டியான காலணியில் வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தான். பள்ளத்தைப் பார்த்தான். அந்தப் பாறையில் பதிந்திருந்த டயர்க் கோட்டைப் பார்த்தான். குனிந்து அதை விரலால் தொட்டான். எழும்போது அவன் முகத்தில் பாராட்டு இருந்தது. அதன் அடியில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அது என்னவென்று ரெமிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை; சற்றுமுன் அவன் நெஞ்சிலும் அதுதான் இறங்கியிருந்தது.

"இதுல நான் செத்திருப்பேன்" என்றான் எர்வான், மெதுவாக. பிறகு, "நேத்துப் பாத்தேன்னீங்க."

"பாத்தேன்."

ரெமி கீழே இறங்கத் திரும்பினான். முழங்கால் பூட்டிக்கொண்டது. பிடிப்பதற்கு மரமில்லை, கோலுமில்லை. எர்வான் சைக்கிளைத் தரையில் சாய்த்துவிட்டு வந்து அவனுக்கு முன்னால் நின்று, தோளைத் திருப்பிக் காட்டினான். ரெமி அதன்மேல் கை வைத்தான். சிவப்புச் சட்டை வியர்வையில் நனைந்து சூடாக இருந்தது.

அப்படியே நின்று இருவரும் கீழே பார்த்தார்கள். கறுக்கும் திராட்சை வரிசைகளுக்கு நடுவே வெள்ளைப் பாதையில் மஞ்சள் புள்ளி ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அது திரும்பவில்லை. ஆற்றைத் தாண்டி எதிர்மலை ஏறும் பாதையைப் பிடித்தது. அதன் பின்னால் எழுந்த புழுதி அடங்க அவசரப்படாமல் கொடிகளின்மேல் மிதந்துகொண்டிருந்தது.