மூன்றாவது சீட்டு

பூங்காக் காவலாளி பாட்டிலை மோந்து பார்க்கிற ஆளில்லை. பிடுங்குவார், மரத்தடியில் கவிழ்ப்பார், பிறகுதான் சீட்டு எழுதுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் பாட்டிலைத் திரும்பப் பிடுங்கி, ஒரே மடக்கில் காலி பண்ணிவிட்டு, "இப்ப எங்க சாட்சி?" என்று இளித்ததிலிருந்து இந்தப் பழக்கம். பூங்காவில் குடித்தால் முதல் சீட்டு எச்சரிக்கை, இரண்டாவது அபராதம். மூன்றாவது விழுந்தால் ஒரு வருஷத்துக்கு உள்ளே கால் வைக்கக் கூடாது.

கோணல் பெஞ்சில் வழக்கமாக உட்காரும் தச்சருக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. மனைவி பிரிந்துபோய்விட்டாள். ஞாயிறு நாலு மணிக்கு, இந்தப் பூங்காவில் மட்டும், ஒரு மணி நேரம் மகளைப் பார்க்கலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். இன்னொரு சீட்டு விழுந்தால் அதுவும் போச்சு. அது தெரிந்துதான் போன மாதம் காவலாளியே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் கால்ல வேணா விழறேன்யா, இங்க மட்டும் வேணாம்" என்று கெஞ்சினார்.

அவ்வளவு சொல்லியும் இந்த ஞாயிறு மனுஷன் குவார்ட்டர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். காவலாளி விறுவிறுவென்று போனார். பிடுங்கி, கவிழ்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

"சார், அது சோப்புக் கரைச்சது. பாப்பா முட்டை ஊதணும்னு கேட்டா."

"அன்னைக்கு இருமல் மருந்து, அப்புறம் பல்வலி மருந்து, இன்னைக்குச் சோப்பா? கேக்கறவன் கேனையன்னா கேழ்வரகுல நெய் வடியுமாம்."

"குடியத் தொட்டு நாப்பது நாளாச்சு சார்."

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. காவலாளி சீட்டைப் படமெடுத்து ஆபீசுக்கு அனுப்பினார், தச்சரைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். தச்சர் சண்டை போடவில்லை. இரண்டு முறை பொய் சொன்ன வாய்க்கு மூன்றாம் முறை என்ன மரியாதை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

திரும்பி வந்தபோது மரத்தடியில் நுரை வெள்ளையாக நின்றிருந்தது. காவலாளி குந்தி உட்கார்ந்து தொட்டார். வழுவழுவென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மோந்தும் பார்த்தார். குளியல் சோப்பு.

பாழாய்ப்போன கை. கேட்டுக்கு ஓடினார், தெருவில் தச்சரைக் காணவில்லை. ஆபீசுக்குப் போன் போட்டார்.

"பாட்டில்ல மிச்சம் இருக்கா?" என்றார் அதிகாரி.

"கொட்டிட்டேன் சார்."

"அப்புறம் எதை வச்சுய்யா நான் ரத்து பண்றது?"

நாலு மணிக்குத் தாயும் மகளும் வந்தார்கள். மகள் கையில் ஒரு கம்பி வளையம், முட்டை ஊதப் போன வாரம் அப்பா வளைத்துக் கொடுத்தது. காவலாளி தாயிடம் தனியாக ஒன்று விடாமல் சொன்னார். தப்பு தன்னுடையது என்று இரண்டு தடவை சொன்னார்.

அவள் கோபப்படவில்லை. "நானும் பத்து வருஷம் இப்படித்தாங்க நம்பினேன். அந்தச் சீட்டுல ஒரு நகல் குடுங்க, கோர்ட்டுல குடுக்கணும்."

காவலாளி சீட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோது, மகள் மரத்தடி நுரையில் வளையத்தைத் தோய்த்து ஊதினாள். மூன்று தடவை ஒன்றும் வரவில்லை. நாலாவது தடவை ஒரே ஒரு முட்டை தட்டுத் தடுமாறி மேலே போனது.

"அம்மா, அப்பா வந்துட்டாரு. எங்கயோ ஒளிஞ்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு, அவள் ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் தேடப் போனாள்.