வெளிச்சத்தில் தெரியாத சிவப்பு

தங்கச் சங்கிலியில் அறுந்த வளையத்தின் இரு முனைகளையும் சாமணத்தால் நெருக்கிவிட்டு, அவள் வெங்காரக் கரைசலைத் தொட்டுத் தடவினாள். அதன்மேல் குறுநொய் அளவுக்கு, உருகி ஒட்டவைக்கும் பற்றுத்துண்டு ஒன்றை வைத்தாள். நெருப்பைத் துண்டின்மேல் காட்டக்கூடாது. சங்கிலியைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். தங்கம் மங்கலாகச் சிவந்து வரும்போது துண்டு தானே உருகி இணைப்புக்குள் ஓடும். அந்த நொடியில் நெருப்பு ஊதும் குழலை விலக்கிவிட வேண்டும்.

தலைக்கு மேல் புது விளக்கு வெள்ளையாகக் கொட்டியது. சிவப்பே தெரியவில்லை. அவள் குனிந்து பார்ப்பதற்குள் வளையங்கள் குழைந்து ஓர் உருண்டையாகிவிட்டன.

"போச்சா?" அடுத்த இருக்கையில் அராவிக்கொண்டிருந்த கணவன் கேட்டான்.

"மறுபடியும் போச்சு."

முதலாளி மாடியிலிருந்து கண்காணிக்கும் கேமராவுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்று போட்ட விளக்கு அது. அவள் ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, நிழலுக்காகக் கைக்கு மேலே சாய்த்து வைத்தாள். மேற்பார்வை பார்க்கும் அவளுடைய தம்பி விரைந்து வந்தான்.

"அக்கா, அட்டையை எடு. உன் கை தெரியலைன்னு மேலேருந்து முதலாளி கத்துறாரு."

"கை தெரிஞ்சா எனக்குச் சூடு தெரியலடா. நீயும் ஊதினவன்தானே?"

"தெரியும்க்கா. அவர்கிட்ட சொன்னா, அக்காவுக்குப் பரிஞ்சு பேசுறேன்பாரு."

"பரிஞ்சுதான் பேசேன். கூடப்பொறந்தவன் வேற எதுக்கு?"

"மாப்ள, வேணும்னா உங்க அக்கா கையை மட்டும் கழட்டி மேல அனுப்பிடுறோம். பாத்துட்டுத் திருப்பிக் குடுக்கட்டும்" என்றான் கணவன்.

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அவன் போன் அடித்தது. "சரிங்க... சரிங்க" என்றவனின் கண் உருகிக்கிடந்த சங்கிலியில் நின்றது.

"எழுந்திரு, அக்கா. நாளைலேருந்து வரவேண்டாம்ங்கிறாரு."

கணவன் அரத்தைக் கீழே போட்டான். அவள் அவன் தோளை அழுத்தினாள்.

"நீங்க உக்காருங்க. ரெண்டு பேரும் எழுந்துட்டா வீட்டுல அடுப்பு எரியாது."

பொன்துகள் வீணாகாமல் இருக்க, வாசலில் வைத்திருந்த தொட்டியில் அவள் கை கழுவினாள். மேலங்கியை உதறிக் கொடுத்தாள். பொன் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று தம்பி அவள் விரல்களைப் பிடித்து நகக்கண்களைப் பார்த்தான். பின்னலைப் பிரிக்கச் சொன்னான்.

"நல்லாப் பாருடா. வெளிச்சத்துக்கு என்ன குறைச்சல்?" என்றாள்.

மத்தியானம் முதலாளியே கீழே இறங்கி வந்தார். கையில் பூட்டு விட்டுப்போன ஒரு வளையல்.

"என் பொண்ணோடது. பத்திரமாப் பத்தவச்சுக் குடு."

நெருப்பு வேலையும் தெரிந்தவன் என்பதால் கணவனிடம் வந்தது அது. அவள் இருக்கையில் உட்கார்ந்து அவன் குழலைப் பற்றவைத்தான். யாரும் சொல்லாமலே தம்பி சுவரோரம் போய் விளக்கை அணைத்தான்.

"ஏன்யா அணைக்கிற?"

"சிவப்பு தெரியணும்ங்க. இல்லேன்னா உருகிடும்."

"அப்படியா? சரி, சரி."

கணவன் நிமிர்ந்து மச்சானைப் பார்த்தான். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிழலில் தங்கம் மெல்லச் சிவந்தது. பற்றுத்துண்டு ஒரே ஓட்டமாக ஓடி இணைப்பை மூடியது. ஒட்டிய இடம் விரலுக்குக்கூடத் தட்டுப்படவில்லை.

முதலாளி வளையலோடு படியேறிப் போனதும், தம்பி விளக்கைப் போட்டான்.