ஒரே பக்கத்தில் இரண்டு கம்பி

தடித்த குழாயும் மெல்லிய குழாயும் வேறு வேறு ரக எஃகு. இரண்டையும் வெல்டிங் வைத்து இணைத்தது அவன் மைத்துனன். அந்த இணைப்பின்மேல் ஹீட்டரைச் சுற்றி, சூடு தாங்கும் கம்பளி போர்த்தி, நிதானமாகச் சூடேற்றி ஆறவிட்டது மைத்துனனின் அக்காள் கணவனான அவன்.

சூட்டை அளக்கும் கம்பியைப் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டவேண்டும். மெல்லிய பக்கம் சுவரை நெருங்கியிருந்ததால் கை போகவில்லை. சாரத்தை மாற்றிக் கட்டச் சோம்பல்பட்டு, இரண்டையும் தடித்த பக்கமே ஒட்டிவிட்டான். தடித்தது சூடேறி வருவதற்குள் மெல்லியது அளவுக்குமேல் வெந்து, வலுவிழந்துவிட்டது. சோதனையில் அது தெரிந்தது.

"சூட்டைப் பதிஞ்ச சார்ட் என்ன சொல்லுது?" என்று கேட்டார் என்ஜினியர்.

"சுத்தமா இருக்கு சார்."

பொய்யில்லை; இரண்டு கம்பியும் தடித்த பக்கத்தின் சூட்டை மட்டுமே பதிந்திருந்தன. அதுதான் கூசியது.

"அப்ப வெல்டர்தான் கரண்டை ஏத்தி வாட்டியிருக்கான். நாளையிலேருந்து அவன் வரவேண்டாம்."

மைத்துனன் தலைகுனிந்து நின்றான். பக்கத்தில் நின்ற அவன் சார்ட்டைச் சுருட்டினான்.

மாலையில் மைத்துனன் அக்காள் வீட்டுக்கு வந்தான். தட்டு வைத்த மனைவி தம்பியைச் சீண்டினாள்.

"என்னடா மூஞ்சி இப்படி? குழாயோட உன்னையும் சேத்துப் பத்த வச்சுட்டாங்களா?"

"வேலை போச்சுக்கா. கரண்ட் சரியா வச்சதாத்தான் ஞாபகம். ஆனா மாமா சார்ட் சுத்தம்னா, தப்பு எங்கிட்டதான். மாமா, உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

எதிரே உட்கார்ந்திருந்த அவன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"தப்பு உன்னோடது இல்ல மாப்ள. ரெண்டு கம்பியையும் நான் ஒரே பக்கம் ஒட்டிட்டேன்."

மைத்துனன் கை தட்டிலேயே நின்றது. "நான் திட்டு வாங்கினப்ப பக்கத்துலதானே மாமா நின்னீங்க?"

"ஆமா."

மனைவி கரண்டியை வைத்தாள். "எங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்லவேண்டியவர்கிட்ட சொல்லுங்க."

அங்கேயே என்ஜினியருக்குப் போன் போட்டான். கேட்டு முடித்தவர், "காலையிலயே இதைச் சொல்ல வாய் வரலையா?" என்றார். பிறகு, "அவன் வரட்டும், வெட்டி எடுத்துட்டுப் புதுசா வெல்ட் வைக்கட்டும். நீ முதல்ல வந்து என்னைப் பாரு."

மைத்துனன் கை கழுவிவிட்டு, வேலை போனதை முன்பே அறிந்திருந்த அம்மாவைப் போனில் அழைத்தான். "அழாதம்மா, வேலை போகலை. மெஷின் கோளாறாம். மாமாதான் கண்டுபிடிச்சுச் சொன்னாரு."

மனைவி வேறு எங்கோ பார்த்தாள். அவன் எழுந்து போய்க் கை நீட்டினான். மைத்துனன் வேண்டாமென்று தலையாட்டியும், போனை வாங்கிக்கொண்டான்.

"அத்தை, மெஷின் இல்ல. நான்தான்."