ஆற்றில் விழுந்த கல்

1
கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அந்த ஆட்டுக்குட்டியைத் தள்ளிவிட்டு உட்காருங்கள். கதை எழுதிப் படித்துக் காட்டுகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன், அது என் புத்தி. போன வாரம் துர்கானா ஏரிக்குப் போகும் வறண்ட ஆற்றில் என் ஆடு ஒரு கல்லைக் கிளறியது. எடுத்தேன், விரலை வெட்டியது. யாரோ தட்டித் தட்டிக் கூராக்கிய கல். அரை நாள் நடந்தாலும் அங்கே வண்டல்தான், வேறு கல் கிடையாது. அப்படியானால் ஆதிநாளில் எவளோ மலையிலிருந்து தூக்கி வந்து தவறவிட்டிருக்கிறாள்.

2
"அசெகோன் கதவைத் திறந்து..."
கதவு ஏது? முள்மரக் கிளையை வளைத்துக் காற்றுக்கு ஒரு மறைப்பு, அதுதான் வீடு.
"பானையில் கறி..."
பானையும் இல்லை! இந்த ஆதிநாள் ஆட்கள் ஒரு வாக்கியத்தை நிம்மதியாக முடிக்க விடுகிறார்களா? (அவளுக்கு வைத்த பெயர்கூட என் சின்னம்மாவுடையது. மன்னிப்பாள்.)

சரி. அசெகோன் தம்பியோடு ஆற்றைக் கடந்துவிட்டாள். கரையில் செத்த நீர்யானை, அதன் தோலைக் கிழிக்கக் கூரான கல் வேண்டும். இவர்கள் தின்று மூன்று நாள். இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அழவும் தெம்பில்லை. எட்டத்தில் கழுதைப்புலிகள்.

3
"அக்கா, கல்லு எங்க?"
"ஆத்துல."
"ஆத்துலயா! பல்லால கடிச்சுப் பாத்துட்டேன். தோலு அசையல, பல்லுதான் ஆடுது."
"பல்லு விழுந்தா அப்பவாவது வாய மூடுவியா? ஒரு கையில பிள்ள, ஒரு கையில கல்லு. கால் வழுக்கிருச்சு. எத விட்டிருக்கணும்? சொல்லுடா லொபோலியா!"
அவன் பிள்ளையைப் பார்த்தான்.

4
முடிவு ஒன்று: கரையில் வேறு கல் கிடைத்தது. அந்த வரியை அடித்துவிட்டேன். வண்டலில் கல் முளைக்குமா?
முடிவு இரண்டு: முங்கி எடுத்துவிட்டாள். எழுதும்போது கை சந்தோஷப்பட்டது. ஆனால் அவள் எடுத்திருந்தால் என் ஆடு எதைக் கிளறியது?
முடிவு மூன்று: பிள்ளை பசியில்...
எழுத மாட்டேன். போங்கள்.

5
அவளுக்கு வேண்டிய ஒரே பொருள் என் கூடையில் கிடக்கிறது. அது என்னிடம் இருப்பதால்தான் கதை. அது என்னிடம் இருப்பதால்தான் அவள் பசி. இதைவிடக் கேடுகெட்ட பிழைப்பு உண்டா?

இந்தாருங்கள், கல்லைப் பிடியுங்கள். கூர் பத்திரம். அவள் இன்னும் கரையில்தான் நிற்கிறாள், கழுதைப்புலிகள் ஓரடி நெருங்கிவிட்டன. அவளிடம் எப்படிக் கொடுப்பீர்களோ, உங்கள் பாடு.

உங்கள் வீட்டுக் கத்தி மழுங்காதிருக்கட்டும். பிள்ளைக்கும் கல்லுக்கும் சேர்த்து, உங்கள் வீட்டில் எல்லோருக்கும் கை போதட்டும்.