முக்கால் கட்டில்

வீணா அந்த வேலையைத் தன் பி.காம். பட்டத்தால் வாங்கியதாகத்தான் ஆறு மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. சென்ட்ரிங் வேலை செய்யும் அப்பா ஆதிகேசவன் நீலசந்திராவில் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்து, "ஆபீஸ் வேலை, ஏசி ரூம்" என்று மார்தட்டினார். ஆபீஸ் என்பது ஓசூர் ரோட்டில் ஹெப்பகோடியில் எழும்பிக்கொண்டிருந்த பதினெட்டு மாடிக் குடியிருப்பின் மாதிரி வீடு. வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்ட வேண்டும். இன்னும் ஒரே ஒரு ஃபிளாட் புக்கானால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் முகேஷ் சொல்லியிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, படுக்கையறைக் கட்டிலில் காலை நீட்டினாள். பாதம் கட்டையில் போய் முட்டியது. வீணாவின் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். இருபத்துமூன்று வருடத்தில் அவள் கால் எந்தக் கட்டிலின் மறுகோடியையும் எட்டியதில்லை. டேப் கொண்டுவந்து அளந்தாள். கட்டில் ஐந்தடிகூட இல்லை. சோபா, சாப்பாட்டு மேசை, அலமாரி எல்லாமே முக்கால் அளவு. அறைகளுக்குக் கதவே கிடையாது. இருந்தால் திறந்து மூட இடம் வேண்டுமே!

"சார், இதெல்லாம் குழந்தைங்க சாமானா?"

முகேஷ் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரூம் பெருசா தெரியணும்ல."

"அப்போ இன்டர்வியூல என்னைச் சுவரோட நிக்க வெச்சு அளந்தது?"

"யூனிஃபார்முக்கு."

"எனக்கு யூனிஃபார்மே குடுக்கலையே சார்."

இப்போது தூக்கினான். "பாரும்மா, உன்கூட இன்டர்வியூக்கு வந்துச்சே நிக்கோல்னு ஒரு பொண்ணு, அது அஞ்சடி எட்டு. இங்க நின்னா ஃப்ரிட்ஜ் அது இடுப்புக்கு வரும். நீ நின்னா அரண்மனை. அதையும் ஒரு திறமைன்னு எடுத்துக்கோயேன்."

மூன்று வருடம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தவளுக்கு முகம் எரிந்தது. பதில் சொல்வதற்குள் வீடு பார்க்க பெர்னதெத் மிஸ் வந்துவிட்டார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை. கன்டோன்மென்ட் சர்ச் பக்கம் இருந்த ஓட்டு வீட்டை அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து விற்றுவிட்டு ஈஜிபுராவுக்கு வாடகைக்குப் போனவர். அந்த வீட்டையும் இடித்து பிஜி ஹாஸ்டல் கட்டப்போகிறார் ஓனர். தன் பங்கில் மிஞ்சியதையெல்லாம் திரட்டிக்கொண்டு இந்த ஒரு ஃபிளாட்டுக்காக வந்திருந்தார்.

"எங்க வீடு இருந்த இடத்துல இப்ப மூணு மாடி கார் பார்க்கிங்மா" என்றார். "பில்டர் ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் நாங்க ஓசூர் ரோட்டுல கொஞ்சம் நகர்றோம். இன்னும் ரெண்டு ப்ராஜெக்ட் வந்தா ஸ்டேட் பார்டர் தாண்டி, எங்க தாத்தா பிழைக்கக் கிளம்பின ஊருக்கே போய்ச் சேர்ந்துடுவோம்."

வீணா சிரித்துவிட்டாள். பெர்னதெத் படுக்கையறையைப் பார்த்து அசந்துபோனார். "எவ்ளோ விசாலம்! என் தேக்குக் கட்டில் தாராளமா போகும். மீதி இடத்துல வாக்கிங்கே போலாம்."

"கண்டிப்பா மேடம்! இன்னைக்கே புக் பண்ணிடலாம்" என்றான் முகேஷ். வீணாவைப் பார்த்துக் கண்ணாலேயே 'நிரந்தரம், நிரந்தரம்' என்றான்.

அவளுக்கு அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"மிஸ், அந்தக் கட்டில்ல கொஞ்சம் படுத்துப் பாருங்க."

"சீ, ஊரான் மெத்தையில படுக்கறதா?"

"செருப்போடவே படுங்க மிஸ். ஒண்ணும் ஆகாது."

படுத்தார். கெண்டைக்கால்கள் இரண்டும் கட்டையைத் தாண்டி அந்தரத்தில் நின்றன. தன் செருப்பையே சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"ரிட்டயர் ஆன அப்புறமுமா வளர்ந்துட்டேன்?"

"நீங்க வளரல மிஸ். கட்டில்தான் வளரல. உங்க தேக்குக் கட்டிலைப் போட்டா அலமாரி திறக்காது. சுவரை ஒட்டி ஒருக்களிச்சுத்தான் போகணும், வரணும்."

பெர்னதெத் எழுந்து புடவையை உதறினார். முப்பது வருட வகுப்பறைப் பார்வை முகேஷின் மேல் இறங்கியது. "பெஞ்சு மேல ஏறி நில்லுன்னு சொல்லியிருப்பேன். இங்க பெஞ்சும் சின்னதாத்தான் இருக்கும்."

ஹேண்ட்பேக்கின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டார்.

"நாளையிலிருந்து வராதே" என்றான் முகேஷ்.

"சரி சார். காரணம் எழுதிக் குடுங்க."

லேப்டாப்பைத் திறந்து, 'செயல்திறன் போதவில்லை' என்று அடித்தான்.

"இந்த மாசம் நாலு புக்கிங் நான் காட்டினதுதான் சார். பாவம், அவங்களுக்கும் போன் பண்ணிக் கட்டில் நீளத்தைச் சொல்லட்டா?"

அழித்தான். 'ஒழுங்கீனம்' என்று அடித்தான்.

"படுத்துப் பாருங்கன்னு சொல்றது ஒழுங்கீனமா? உயரம்னு எழுதுங்க சார். எடுத்ததே அதுக்குத்தானே."

அதையும் அழித்தான். வெளியே அடுத்த சைட் விசிட் வேன் ஹாரன் அடித்தது. முகேஷ் போய்க் காட்ட முடியாது, அவன் ஆறடி.

"சரி விடு, ஏதோ கோவத்துல சொன்னேன். சும்மா நிக்காத, போய்க் காட்டு. நிரந்தரம் பத்திச் சாயங்காலம் பேசுவோம்."

"காட்டறேன் சார். ஆனா ஒருத்தர் விடாம படுக்க வெச்சுத்தான் காட்டுவேன்."

முகேஷ் கண்ணாடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தான். வேனிலிருந்து முதலில் இறங்கியவர், தலை இடிக்காமல் இருக்க நன்றாகக் குனிந்து, நீண்ட கால்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.