செம்மண் கோள், இரண்டாம் பாகம்

“இவரு வேற ஆளாச்சே, பழைய ஆளு எங்கே போனாரு?” என்று ஒரு குழந்தை கேட்டது.

இருபத்தோரு வருடங்களுக்கு முன்னால், ஏரிக்கரையில் உள்ள கட்டோசி படகுத்துறையின் வீடியோ கொட்டகையில், படம் தொடங்கி நான்கு நிமிடம்கூட ஆகாதபோது கேட்ட கேள்வி அது. நியாயமான கேள்விதான். முதல் பாகத்தில் விண்கலத்தை ஓட்டிய கேப்டன் நீள முகமும் குழிந்த கன்னமுமாக இருப்பார். இரண்டாம் பாகத்தில் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, அகன்ற தாடையோடு வேறு ஒருவர் வந்து நின்றார். ஏன் மாறினார் என்று படம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கொட்டகை முழுக்க அந்தக் குழப்பம் இருந்தது. வாய்விட்டுக் கேட்டது குழந்தை மட்டும்தான்.

பதில் சொல்ல வேண்டியவர் கவீசா. திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, படத்தின் ஒலியைத் தணித்துவிட்டு, வெள்ளைக்காரர்கள் பேசுவதையெல்லாம் மைக்கில் ஊர் மொழியான லுகாண்டாவில் சொல்லிக்கொண்டே போவது அவர் தொழில். அந்தப் படத்தை அவர் அன்று காலையில் ஒரே ஒரு முறைதான் ஓட்டிப் பார்த்திருந்தார். மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டார். பிறகு, இருட்டில் முகம் தெரியாத அந்தக் குழந்தையைப் பார்த்துச் சொன்னார்:

“அவரு தம்பி இவரு, கண்ணு. அண்ணனைத் தேடிக்கிட்டு வந்திருக்காரு.”

அவ்வளவுதான். அந்த நொடியிலிருந்து அது வேறு படமாகிவிட்டது. ஜன்னல் வழியே கேப்டன் வெறித்துப் பார்த்தால், அண்ணனை நினைக்கிறான். காலியான படுக்கையைத் தொட்டால், அண்ணன் படுத்த இடம். ஒரு பொய்யைச் சொன்னால் அதற்கு முட்டுக்கொடுக்க நூறு பொய் வேண்டும் என்பார்கள்; கவீசாவுக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை. படமே நகர்ந்து இடம் கொடுத்தது போல எல்லாம் பொருந்தி வந்தது. கடைசியில் செம்மண் புழுதிக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக நடந்து வரும்போது மீனவர்கள் எழுந்து நின்று அழுதார்கள். அந்தக் கோளின் மண் கட்டோசி சாலையின் மண்ணைப் போலவே சிவப்பு. அதனால் அந்தப் படத்துக்கு அங்கே செம்மண் கோள் என்றுதான் பெயர்.

கேள்வி கேட்ட குழந்தை நசூனா. இப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. துறைக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். படகு உரிமம், பள்ளிக்கூட விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, மரண அறிவிப்பு எல்லாம் அவள் விரல்கள் வழியாகத்தான் ஊருக்குப் போகின்றன.

அந்தப் படத்தின் ரசிகர்களுக்கு என்று போனில் ஒரு குழு இருந்தது. தொண்ணூறு பேருக்கு மேல். நடத்துவது செம்பாலா வாத்தியார். அவர்தான் ஒருநாள், உலகத்தில் மற்றவர்கள் இந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்துவிட்டு, வாயடைத்துப் போனார். முதல் பாகத்தைக் கொண்டாடியவர்கள் எல்லாரும் இரண்டாம் பாகத்தைக் காறித் துப்பியிருந்தார்கள். யார் சொல்வது சரி என்று மூன்று நாள் குழுவில் வாக்குவாதம் நடந்தது. கடைசியில், கவீசாவின் குரல் இல்லாத மூலப் படத்தை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பது, பார்த்துவிட்டு நேர்மையாகத் தீர்ப்புச் சொல்வது என்று முடிவாயிற்று. கவீசாவையும் மரியாதையாக அழைத்தார்கள்.

அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மைக் இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். நசூனா இரண்டு வரிசை முன்னால் இருந்தாள்.

குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. ஒரு காட்சியில் வானத்தில் இரண்டு சூரியன், அடுத்த காட்சியில் ஒன்று. மண்ணுக்குள்ளிருந்து எழும் பூதத்தின் முதுகில் ஜிப்பு பளபளத்தது. வாத்தியார் அதைச் சுட்டிக்காட்டியபோது, மீனைப் புகையில் வாட்டி விற்கும் நந்தவுலா விட்டுக்கொடுக்கவில்லை.

“ஜிப்பு தெரிஞ்சா என்ன வாத்தியாரே? பிஷப் அங்கியிலயும்தான் ஜிப்பு தெரியுது. அதுக்காக ஆசீர்வாதம் வாங்காமலா வர்றோம்?”

கொட்டகை சிரித்தது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

பிறகு அந்தச் சபைக் காட்சி வந்தது. இருபத்தைந்து நிமிடம் கிழவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். கவீசா எப்போதும் அதை மொழிபெயர்க்க மாட்டார். அந்த நேரத்தில்தான் யாருடைய ஆடு காணாமல் போயிற்று, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, வேர்க்கடலை எந்தப் பக்கம் கிடைக்கும் என்றெல்லாம் சொல்வார். ஆகையால் அந்தக் காட்சியை ஊரில் ஒருவரும் காதால் கேட்டதில்லை. இப்போது வாத்தியார் வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லக் கேட்டார்கள். சபைத் தலைவர் எழுந்து, அகன்ற தாடைக்காரரை முதல் பாகத்துக் கேப்டனின் பெயர் சொல்லி அழைத்தார். மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கோளில் ஏழு பேரைக் கைவிட்டு வந்தவர் நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம், நான்தான், அவர்களைக் கூட்டிவரப் போகிறேன் என்றார் அவர்.

தம்பியும் இல்லை, அண்ணனும் இல்லை. ஒரே ஆள். நடிகர் மட்டும் மாறியிருக்கிறார்.

 பிறகு எங்கோ ஓர் ஓரத்தில் தொடங்கிய சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. அதில் விஷம் எதுவும் இல்லை. இருபது வருடம் நன்றாக ஏமாந்ததற்கு மனிதர்கள் சிரிக்கும் சிரிப்புதான். படம் முடிந்ததும் வாத்தியார் தன் நோட்டைப் பார்த்து, கவீசா சேர்த்தது மொத்தம் பதினான்கு இடம் என்று அறிவித்தார். படம் சுமார்தான், நாம் விரும்பியது படத்திலேயே இல்லை, அது கவீசாவின் வாயில் இருந்தது என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். கைதட்டல்கூட எழுந்தது.

கவீசாவும் சிரித்தார். ஆனால் எழுந்து நின்றபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஒரு குழந்தை கேட்டுச்சு. தெரியலன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல,” என்றார். “உங்க எல்லாருக்கும் ஒரு பொய்யச் சொல்லி இத்தன வருஷம் அழ வச்சிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கிழமை சரியாச் சொல்றேன். அதுக்கப்புறம் மைக்க வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க.”

சும்மா சொல்கிறார் என்று நினைத்தார்கள். ஆனால் அந்த வாரம் அவர் சொன்ன மூன்று படங்களிலும் திரையில் இருந்ததற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. ஆட்டைப் பற்றியும் பேசவில்லை, வேர்க்கடலையைப் பற்றியும் பேசவில்லை. திரையில் ஆள் மௌனமாக இருந்தால் அவரும் மௌனமாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை பகல் அவர் நசூனாவின் கடைக்கு வந்தார். கையில் வாத்தியார் எழுதிக்கொடுத்த பதினோரு பக்கம். படத்தின் சரியான கதை, காட்சி வாரியாக. கண் மங்கிவிட்டது, பெரிய எழுத்தில் அடித்துக் கொடு என்றார். நாளைச் சாயங்காலம் வாங்கிக்கொண்டால், இரவு வீட்டில் ஒரு தடவை படித்துப் பார்த்துவிடலாம் என்றார்.

இது அவசியமா ஐயா, யாரும் உங்களைத் தப்பாக நினைக்கவில்லையே என்று கேட்டாள்.

“ஜனங்க நினைக்கலம்மா. நான் நினைக்கிறேன்,” என்றார். “கோயில்ல முட்டி போட்டா அந்த ஞாபகம்தான் வருது. எத்தன பேரு எத நம்பி வீட்டுக்குப் போனாங்களோ.”

அவள் வாயைத் திறந்தாள். படகு உரிமத்துக்காக நான்கு பேர் காத்திருந்தார்கள். மூடிக்கொண்டாள்.

எதை நம்பி வீட்டுக்குப் போனார்கள் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குக் கொட்டகையில் அவள் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவள் அண்ணன் எரியா படகின் புது எஞ்சினை ஏரியில் தவறவிட்டதற்காக, அப்பா அவனை அடித்து, என் வாசலை மிதிக்காதே என்று விரட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோமே தீவில் யாரோ ஒருவருக்கு வலை இழுக்கிறான் என்று கேள்வி. வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்லக் கூடாது. பாதிரியார் வந்து பேசினார், மாமன்மார் வந்து பேசினார்கள். அப்பா தரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, டீ குடிக்கிறீர்களா என்பார். அப்படிப்பட்டவர், அந்தப் படம் பார்த்த மறுநாள் விடியலில் கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, நசூனாவையும் கைப்பிடித்து முதல் படகில் ஏற்றினார். படகு கரையை விட்டு விலகியதும் குனிந்து அவள் காதில் சொன்னார்:

“படத்தப் பாத்துட்டுத்தான் வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத. உங்க அண்ணங்கிட்டகூட.”

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை இன்றுவரை காப்பாற்றி வருகிறாள். அப்பா போய் நான்கு வருடமாகிறது. ஒவ்வொரு வருடமும் கல்லறையில் ஜெபம் முடிந்ததும், எரியா தன் பிள்ளைகளிடம் ஒரே கதையைச் சொல்வான்: உங்கள் தாத்தா யார் பேச்சையும் கேட்டவரில்லை, என்னைத் தேடி அவராகவே வந்தார். அதைச் சொல்லும்போது அவன் நெஞ்சு நிமிரும். அந்த நிமிர்வை நசூனா எப்படிக் கலைப்பாள்?

சனிக்கிழமை பகல் கூட்டம் குறைந்ததும் கதவைப் பாதி சாத்திவிட்டு அடிக்க உட்கார்ந்தாள். வாத்தியார் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. மாற்றலாமா என்று ஒரு தடவை நினைத்தாள். அது அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று விட்டுவிட்டாள். நான்காம் பக்கத்தில், ‘இவர் வேறு ஆள் அல்ல, தான் கைவிட்டவர்களைக் கூட்டிவரத் திரும்பிப் போகும் அதே கேப்டன்’ என்று இருந்தது. அங்கே அவள் விரல் நின்றது. கோட்டுப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, தீவு கண்ணில் தெரியத் தொடங்கியதும் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்ட அப்பா நினைவுக்கு வந்தார். உலகமெல்லாம் சிரித்த அந்தப் படம் இதைத்தான் சொல்ல முயன்றிருக்கிறது. கவீசா தெரியாமல் சொன்னதும் வெகுதூரம் விலகிப் போய்விடவில்லை. நல்ல எண்ணத்தோடு திறக்கும் வாயைக் கடவுள் வெறுமனே விடுவதில்லை போலும் என்று அவளுக்குத் தோன்றியது.

பதினோரு பக்கமும் அச்சாகி வெளியே வந்தன. அடுக்கி வைத்துவிட்டு, முகம் கழுவி, சோளக்கூழும் மீனும் சாப்பிட்டாள். திரும்பி வந்து புதிதாக ஒரு பக்கம் திறந்தாள்.

முதலில் எல்லாப் பெயர்களையும் போட்டு அடித்தாள். பிறகு ஒவ்வொன்றாக அழித்தாள். அப்பாவின் பெயர், எரியா, தீவின் பெயர், கடைசியாகத் தன் பெயர். மிஞ்சியது இவ்வளவு:

‘ஐயா, அன்று அந்தக் குழந்தைக்கு நீங்கள் சொன்ன பதிலை ஒரு தகப்பனும் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் மகன் பெயரைச் சொல்லாமல் இருந்தவர். மறுநாள் காலை முதல் படகில் போய் மகனைக் கூட்டி வந்தார். அந்த மகனுக்கு இப்போது நான்கு பிள்ளைகள். நீங்கள் சொன்னது படத்தில் இல்லை, அது உண்மை. இதுவும் உண்மை.’

மற்றவற்றைப் போலவே பெரிய எழுத்தில் போட்டாள். அச்சுப்பொறி அதை மெதுவாக வெளியே தள்ளியது. எடுத்து, நான்காம் பக்கத்துக்கும் ஐந்தாம் பக்கத்துக்கும் நடுவே செருகி, ஓரங்களைத் தட்டிச் சமன் செய்து, உறையில் போட்டு ஒட்டினாள். பக்கத்தை மூடப்போனபோது, சேமிக்க வேண்டுமா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள்.

வெளியே தீவுப் படகு வந்து நின்றது. மூட்டைகளை இறக்குகிறவர்களின் குரல் கேட்டது. உறையைக் கையில் எடுத்தாள். முன்பே அச்சான தாள்களெல்லாம் ஆறிவிட்டிருந்தன. நடுவிலிருந்த அந்த ஒரு தாளின் சூடு மட்டும் உள்ளங்கைக்குத் தெரிந்தது.