பாத்ரூமுக்குள் ஹெல்மெட்

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புகார்ப் பிரிவு மேலாளர் குருபிரசாத். மேஜையைக் குத்துகிறவர், வாசலில் படுத்துவிடுகிறவர், யாராக இருந்தாலும் ஒரு காபி வாங்கிக் கொடுத்துச் சிரிக்க வைத்து அனுப்புவதில் மதுரையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பைத் தினமும் காலையில் பித்தளைச் செம்பால் நெளித்துக்கொண்டிருந்தார் அவனுடைய அப்பா பட்டாபிராமன்.

வயது எண்பத்திரண்டு. மறதி நோய் வந்து மூன்று வருடம். மகனின் பெயர் போய்விட்டது, கைப் பலம் மட்டும் போகவில்லை. முதல் செம்புத் தண்ணீர் தலையில் விழும்வரை சாதுவாக உட்கார்ந்திருப்பார். அப்புறம் சோப்போடு முதுகைத் தொட்டால் போச்சு. "தொடாதேடா!" என்று ஓர் அலறல், ஒரு வீச்சு.

நாலு நாளாகக் குளியலே நடக்கவில்லை. இன்றும் முடியாவிட்டால் மாத்திரையை ஆரம்பித்துவிடலாம் என்று டாக்டர் சீட்டு எழுதியிருந்தார். அடிப்பது குறையும், ஆனால் நாள் முழுக்கத் தூக்கக் கலக்கத்திலேயே கிடக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அப்பாவின் அடி குருபிரசாத்துக்குப் பிடிக்கவில்லைதான். அப்பா திட்டாத வீடு அதைவிடப் பிடிக்கவில்லை.

அதனால் பால், காய்கறி எல்லாம் வாங்கி வந்த கோலத்தில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் பாத்ரூமுக்குக் கிளம்பினான்.

"ஏன்னா, அங்கேயும் போலீஸ் பிடிக்கறாளா?" என்றாள் மனைவி ஸ்ரீஜா.

"எனக்கு மூக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. சிரிக்காதே."

முதல் செம்புத் தண்ணீர் சுமுகமாக விழுந்தது. ஆவியில் ஹெல்மெட் கண்ணாடி மூடிக்கொண்டதால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, சோப்பை எடுத்து முதுகில் கை வைத்தான்.

"தொடாதேடா தடியா!"

இம்முறை செம்பு இல்லை. அரை வாளித் தண்ணீர் முழுசாக அவன் தலையில் இறங்கியது. சட்டை, பேண்ட், பையில் இருந்த பால் கார்டு, சகலமும் நனைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்து நின்றான்.

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"குளிச்சுட்டியோ? பேஷ். வா, முதுகைத் தேய். குளிக்காம கொள்ளாம வந்து மேலே கையை வைக்கறானே ஒருத்தன், அந்தத் தடியனை இனிமே உள்ளே விடாதே."

"விடமாட்டேம்ப்பா."

மடி ஆசாரம்! தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டால், பூஜை முடியும்வரை குளிக்காத யாரும் அப்பாவைத் தொடக்கூடாது. ஐம்பது வருடமாக இந்த வீட்டில் பார்த்த வழக்கம். புகார் என்னவென்று ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று வருடமாகச் சமாதானம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார் மேலாளர்!

மறுநாள் அவன் முதலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரவேட்டியோடு போனான். ஒரு அடிகூட விழவில்லை. அதற்கு அடுத்த நாள் விழுந்தது, சோப்பு கண்ணில் பட்டதற்காக. அது நியாயமான அடி. அப்புறம் அப்பாவே செம்பை வாங்கி அவன் தலையில் ஊற்றி, காதைத் திருகிப் பார்த்து, "பின்னாலே இவ்வளவு அழுக்கை வெச்சிண்டு ஆபீஸ் வேற போறே!" என்று தேய்த்துவிட்டார். ஐம்பத்து நாலு வயது மேலாளர் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தவனிடம் ஸ்ரீஜா டாக்டர் சீட்டை நீட்டினாள். "அப்போ மாத்திரை வேண்டாமா?"

"அப்பாவுக்கு வேண்டாம்," என்றான் குருபிரசாத், தொடர்ந்து ஏழு தும்மல் போட்டுவிட்டு. "எனக்கு ஜலதோஷத்துக்கு ஏதாவது வாங்கிண்டு வா."

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "தலையைச் சரியாத் துவட்டலே பாரு, தடியன்!"